"மெடிக்கல் பாஸ்" – யாருடைய நலத்துக்கு?

கொம்பனித்தெருப் புகையிரத நிலையத்தில் இறங்கி, நான் குடியிருக்கும் ஒழுங்கைக்குள் நுழைவதற்கிடையில் குறைந்தது நான்கு விளம்பரத் தாள்களாவது கண்ணில் படுகின்றன. மின்கம்பத்தில் ஒன்று, பூட்டிய கடையின் கதவில் ஒன்று, தேநீர்க்கடைச் சுவரில் இரண்டு. வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான்: வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை, தங்குமிடமும் விமானச்சீட்டும் இலவசம், பட்டதாரிகளுக்கு முன்னுரிமை. சம்பளம் டொலரில் எழுதப்பட்டிருக்கும், அதுவும் கொட்டை எழுத்தில். அந்தத் தாளில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருக்கிறான். வயது இருபத்தாறு. கலைப் பட்டதாரி, ஆங்கிலம் கற்பிப்பதற்கான டிப்ளோமாவும் முடித்தவன். ஒரு மாலை நேரம், கையில் ஒரு கடித உறையை ஆட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான்.

"அங்கிள், மெடிக்கல் பாஸ்!"

மேற்கு ஆபிரிக்க நாடொன்றிலுள்ள தனியார் பாடசாலையில் அவனுக்கு வேலை. பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள். சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். நெஞ்சுக் கதிர்ப்படம், எச்.ஐ.வி., ஈரல் அழற்சி, சிறுநீர் என்று வரிசையாக ஒவ்வொன்றின் எதிரிலும் "இல்லை" என்றிருந்தது. அடியில் ஒரு முத்திரை: தகுதியுடையவர்.

"மலேரியாவுக்கு என்ன மருந்து தந்தாங்க?" என்று கேட்டேன்.

"மலேரியாவா? அது நம்ம நாட்டுலயே இல்லையே அங்கிள்."

அவன் சொன்னது உண்மை. பயப்பட வேண்டிய காரணமும் அதுவேதான். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வாசகர்கள் பொறுமையோடு யோசிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைகள் எல்லாம் எதைத் தேடின? இந்தப் பிள்ளை தன் உடம்பில் ஏதாவது நோயைக் காவிக்கொண்டு அந்த நாட்டுக்குள் நுழைகிறானா என்பதை மட்டுமே. அந்த நாடு இவனுக்கு என்ன நோயைக் கொடுக்கும் என்று ஒரு கேள்விகூட அந்தத் தாளில் இல்லை. சந்தையில் மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாட்டின் மீதுள்ள அன்பினாலா? நாம் "மெடிக்கல்" என்று பெயர் சூட்டிப் பெருமையோடு கொண்டாடுவது இந்தப் பல் பார்க்கும் சடங்கைத்தான்.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன விடயம். எச்.ஐ.வி., காசநோய், ஈரல் அழற்சி என்று தேடுகிறார்கள். பெண்களென்றால் கர்ப்பமா என்றும் பார்க்கிறார்கள். ஒன்று அகப்பட்டால் "தகுதியற்றவர்" என்று முத்திரை. ஆசிரியத் தொழிலுக்குப் போகிறவர்கள், இந்த அவமானமெல்லாம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் உரியது, பட்டம் பெற்ற தமக்கு அல்ல என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தென்கொரியாவின் கதையைச் சொல்ல வேண்டும். 2007இல் அந்நாடு வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கில ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையையும் போதைப்பொருள் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. அதே வேலையைச் செய்த கொரியர்களுக்கோ, கொரிய வம்சாவளியினருக்கோ அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. நியூசிலாந்திலிருந்து சென்ற ஓர் ஆசிரியை, இரண்டாவது முறை இரத்தம் கொடுக்க மாட்டேன் என்று மறுத்து வேலையை இழந்தார். அவர் வாய்மூடி இருக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டார். 2015இல் அந்தக் குழு, இது பாகுபாடு என்று தீர்ப்புக் கூறியது. 2017இல் தென்கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. வெள்ளைத்தோல் உடைய, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியைக்கே இந்த நிலை என்றால், கொம்பனித்தெருவிலிருந்து போகிற பிள்ளையின் நிலையை நான் சொல்லவா வேண்டும்?

ஆனால் என் கோபம் வெளிநாட்டார் மீது அல்ல. தன் வீட்டுக்குள் நோய் வராமல் பார்த்துக்கொள்வது அவன் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைக்கு நோய் வராமல் பார்க்க வேண்டியது யார்? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இப்போது மலேரியாவுக்கு வருகிறேன்.

1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தார்கள். பின்னர் டி.டி.ரி. தெளித்து, வீடுவீடாகச் சென்று நோயைத் துரத்தியதில், 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று கைகட்டி இருந்தோம். 1960களின் இறுதியில் அது ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. மறுபடியும் போராட்டம். போர் நடந்த காலத்திலும், காடுகளுக்குள்ளும் எல்லைக் கிராமங்களிலும் நின்று சுகாதார ஊழியர்கள் உழைத்த உழைப்பின் பலனாக, உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி, மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார ஸ்தாபனம் நமக்கு வழங்கியது. பெருமைப்பட வேண்டிய சாதனை, நானும் பெருமைப்பட்டேன்.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மலேரியா உள்ள நாட்டில் பிறந்து, சிறு வயதிலிருந்தே மீண்டும் மீண்டும் அந்தக் காய்ச்சலைக் கண்டு, அதிலிருந்து தப்பி வளர்ந்தவனின் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு. அவனுக்குக் காய்ச்சலோடு போவது, அதை ஒருபோதும் கண்டிராத நம் பிள்ளைக்கு உயிரோடு போகும். ஆபிரிக்காவில் பெரும்பான்மையாக உள்ளது பல்சிப்பாரம் என்ற வகை. மலேரியா வகைகளுள் மிகக் கொடியது அது. சிகிச்சை தாமதித்தால் ஓரிரு நாட்களுக்குள்ளேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. உலகின் மலேரியா நோயாளர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆபிரிக்காவில்தான் இருக்கிறார்கள். நைஜீரியா ஒன்றில் மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அங்கே கற்பிக்கப் போகிறவனை "உன் நெஞ்சில் காசநோய் இல்லை, போய் வா" என்று அனுப்பிவைக்கிறோம்!

நம்மவர்கள் ஆபிரிக்காவுக்குக் கற்பிக்கப் போனது நேற்றோ இன்றோ தொடங்கியதல்ல. 1976இல் நைஜீரியா அனைவருக்கும் ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது. எண்ணெய்ப் பணம் புரண்ட காலம். பாடசாலைகள் முளைத்தன, ஆசிரியர்கள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் பட்டதாரிகள் புறப்பட்டார்கள். நைஜீரியா, சாம்பியா, எதியோப்பியா, சியராலியோன் என்று பரவினார்கள். எங்களூர் ஆங்கில மாஸ்டர் ஒருவரும் அவர்களுள் ஒருவர். நான் சிறுவன். விடுமுறையில் அவர் வந்தால் ஊரே திரளும். அவர் கொண்டுவந்த வானொலிப் பெட்டியைத் தொட்டுப் பார்க்க நாங்கள் வரிசையில் நின்றிருக்கிறோம். ஒரு முறை நாங்கள் போனபோது, வைகாசி வெயிலில் இரண்டு கம்பளிப் போர்வைக்குள் கிடந்து கட்டில் அதிர நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் எங்களைப் படலையிலேயே மறித்து, "தம்பிக்குச் சாதுவான காய்ச்சல், நாளைக்கு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். வானொலியை ஊர் பார்த்தது. நடுக்கத்தை வீடு மறைத்தது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் பற்றி நாம் பேசும் முறை அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

அந்த மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். காரணம், அன்றைய யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் ஒவ்வொருவரும் நடுக்கத்தைக் கண்டவுடனேயே நோயின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள். மலேரியாவோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். இன்று? எனக்குத் தெரிந்த ஒருவர், 2014இல் ஆபிரிக்காவிலிருந்து திரும்பி மூன்றாம் வாரம் காய்ச்சலில் விழுந்தார். கொழும்பில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில், இது டெங்குதான் என்று நாளுக்கொரு தடவை இரத்தம் எடுத்துக் குருதிச் சிறுதட்டுக்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் நினைவு தடுமாறியது. அரசாங்க வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். அங்கே இரவுப் பணியிலிருந்த இளம் வைத்தியர் ஒருவர், வேறு யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "நீங்கள் அண்மையில் எங்கேயிருந்து வந்தீர்கள்?" அந்த ஒரு கேள்வி அவரைக் காப்பாற்றியது. ஆனால் சிறுநீரகங்கள் களைத்துப் போயிருந்தன. வாரக்கணக்கில் இயந்திரத்தின் துணை தேவைப்பட்டது. முதல் நாளே அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் சில நாள் குளிசையோடு முடிந்திருக்கும்.

வைத்தியர்களைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. பல ஆண்டுகளாகக் கண்ணால் காணாத நோயை எப்படி நினைவில் வைத்திருப்பார்கள்? 2017இல் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு கண்ட நாட்டில், காய்ச்சல் என்றதும் டெங்கு நினைவுக்கு வருவது இயல்பு. ஆகவேதான் சொல்கிறேன்: கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். ஒவ்வோராண்டும் பல பத்துப் பேர் மலேரியாவை உடம்பில் சுமந்துகொண்டு இந்நாட்டில் வந்திறங்குகிறார்கள். அந்த நோயைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இன்னும் இங்கே வாழ்கிறது. காய்ச்சலை மறைக்கிறவர் தன் உயிரோடு மட்டுமல்ல, ஊரின் சான்றிதழோடும் விளையாடுகிறார்.

நாரஹேன்பிட்டியில் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் தலைமையகம் இருக்கிறது. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர் அங்கே சென்று விவரம் சொன்னால், தடுப்புக் குளிசைகளை ஒரு சதமும் வாங்காமல் தருகிறார்கள். திரும்பி வந்த பின் காய்ச்சலென்றால் இரத்தத்தை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். கொம்பனித்தெருவிலிருந்து ஓட்டோவில் அரை மணி நேரப் பயணம். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைக்கு இது தெரியாது. அவனை அனுப்பும் முகவருக்கும் தெரியாது. அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. இரண்டில் எது பெரிய குற்றம் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஏற்ற வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. காரணம், அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்தில் மறிப்பார்கள்! அதைக்கூட நாளை நாளை என்று தள்ளிப்போட்டிருந்தான். ஊசி ஏற்றிப் பத்து நாட்கள் கழிந்த பிறகே அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் என்று நான் சொன்னபோது முகம் வெளிறியது. மறுநாட் காலையே பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு ஓடினான். இந்த ஊசியை ஒரு முறை ஏற்றினால் வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்பது 2016 ஜூலையிலிருந்து சர்வதேச விதி. பத்தாண்டுகளுக்கு ஒரு முறை என்று இன்றும் சொல்லித் திரிகிறவர்களை நம்பாதீர்கள்.

இன்னொன்று. நைஜீரியாவில் கற்பித்துத் திரும்பிய முதியவர்களிடம் இந்தப் பிள்ளைகள் ஆலோசனை கேட்கப் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் "நாங்கள் கிழமைக்கு ஒரு குளோரோகுயின் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை" என்று அவர்கள் சொல்வது இன்றைக்குப் பொருந்தாது. ஆபிரிக்கப் பல்சிப்பாரம் கிருமி அந்த மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. அன்று உயிர் காத்த குளிசை இன்று ஆளை ஏமாற்றும். எந்த நாட்டுக்கு எந்த மருந்து என்பதை மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் வைத்தியரே சொல்ல வேண்டும். பயணத்துக்கு முன்னரே தொடங்கி, திரும்பி வந்த பின்னும் சொல்லப்பட்ட நாள்வரை விடாமல் விழுங்க வேண்டும். நுளம்பு வலையையும் மறக்கலாகாது.

ஆபிரிக்கா தூரம், மாலைதீவு பக்கம்தானே என்பவர்களுக்கும் ஒரு சொல். 1960களின் தொடக்கத்தில் அங்கே ஆங்கில மொழிமூலக் கல்வி தொடங்கிய காலத்திலிருந்தே நம் ஆசிரியர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாலைதீவில் மலேரியா இல்லை. 2015இல், நமக்கு ஓராண்டு முன்பே, அவர்கள் அந்தச் சான்றிதழைப் பெற்றுவிட்டார்கள். டெங்கு உண்டு. ஆனால் அங்கே பெரிய ஆபத்து நோயல்ல, தூரம். ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் வாழ்வது 180க்குச் சற்று மேற்பட்டவற்றில். சிறு தீவொன்றில் உள்ள சுகாதார நிலையத்தால் முடிந்ததைச் செய்வார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் கடல் கடந்து பெரிய தீவுக்கோ மாலேக்கோ போக வேண்டும். கடல் கொந்தளித்தால் காத்திருக்க வேண்டும். அந்த நாட்டின் அரச மருத்துவக் காப்புறுதி அந்நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. நம் ஆசிரியைக்கு உரியதல்ல. அவளுடைய காப்புறுதிப் பத்திரத்தில் படகுச் செலவு அடங்குமா என்று எந்தத் தகப்பன் கேட்டிருக்கிறார்? எங்கள் பகுதித் தனியார் வைத்தியசாலைகளின் வாசலில் நின்று பாருங்கள். மாலைதீவுக் குடும்பங்கள் நோயாளியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவதைக் காணலாம். நோய் முற்றினால் அவர்கள் கொழும்புக்கு வருகிறார்கள். நாமோ நம் பிள்ளைகளைக் கொழும்பிலிருந்து அங்கே அனுப்பிவிட்டு, "பக்கம்தானே" என்கிறோம்.

உடம்பின் நோயையாவது ஊசி காட்டும். மனத்தின் நோயை? எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஒரு சிறு தீவுக்குப் போனவர், பதினான்காம் மாதம் திரும்பி வந்தார். தமிழில் பேச ஒருவர் இல்லை, நடந்தால் இருபது நிமிடத்தில் தீவு முடிந்துவிடும், பிறகு கடல். முதலில் தூக்கம் போனது, பின்னர் பசி போனது, கடைசியில் வகுப்பறைக்குள் நுழையக் கால் வரவில்லை. ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்காக அவரிடம் விமானச்சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஊரிலே உறவினர்கள் கேட்டார்கள்: "என்ன பிள்ளை, உன்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லையா?" தாக்குப்பிடிக்க முடியாதது குணக்குறை அல்ல, நோய். காலொடிந்து வந்திருந்தால் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருப்பார்கள். மனம் ஒடிந்து வந்தவரை விசாரணை செய்யப் போனார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணங்காட்டிக் கட்டுநாயக்க விமான நிலையம் மூடப்பட்டபோது, வெளிநாடுகளில் அகப்பட்ட இலங்கையர்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடந்ததை நாம் மறந்துவிட்டோம். அந்த நாட்களில் தெரிந்தது, நோய் வந்த நேரத்தில் வெளிநாட்டு வேலைக்காரன் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்பது. அந்தப் பாடத்தை எழுதிவைத்தோமா? இரண்டே ஆண்டுகளில், 2022இன் பொருளாதார நெருக்கடியில், ஒரே வருடத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளிநாட்டு வேலைக்கு வழியனுப்பினோம். அனுப்பப்படும் பணத்தின் கணக்கை மாதாமாதம் வெளியிட்டோம். திரும்பிவரும் காய்ச்சலின் கணக்கும் கலக்கத்தின் கணக்கும் யாருக்கு வேண்டும்?

"அக்காலத்தில் இதெல்லாம் யார் பார்த்தார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். பார்த்தார்கள். எங்கே என்று கேட்டால், நம் மண்ணிலேயே.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். மதம் பரப்ப வந்தார்கள் என்பது வேறு விவாதம். ஆங்கிலம் கற்பித்தார்கள் என்பதும் உண்மை. 1823இல் அவர்கள் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியிலிருந்துதான் நம் ஆங்கிலப் படிப்பின் பெருங்கிளை ஒன்று கிளைத்தது. அந்நிய நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் ஆபத்தை அவர்களைப்போல அனுபவித்தவர்கள் குறைவு. முதற்குழுவில் வந்த எட்வர்ட் வாறன் காசநோயோடு காற்று மாற்றத்துக்கென்று புறப்பட்டு 1818இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். ஜேம்ஸ் றிச்சட்ஸ் 1822இல் இறந்தார். உடுவிலில் பெண்களுக்குப் பாடசாலை அமைத்த ஹரியற் வின்ஸ்லோ 1833இல் அந்த மண்ணிலேயே கண்மூடினார். செமினறியின் முதல் அதிபரான டானியல் பூவரை 1855இல் மானிப்பாயில் கொலரா கொண்டுபோனது.

ஆனால் அவர்களை அனுப்பிய அமெரிக்கச் சபையார் ஒன்றைச் செய்தார்கள். கற்பிக்க வந்தவர்களுக்குப் பின்னால் வைத்தியரை அனுப்பினார்கள். 1819இன் இறுதியில் ஜோன் ஸ்கடர் வந்தார். அவருக்குப் பின் வேறு வைத்தியர்கள். 1847இல் சாமுவேல் கிறீன் வந்தார். மிஷன் குடும்பங்களின் உடல்நலத்தைக் கவனிப்பது அந்த வைத்தியர்களின் கடமைகளுள் ஒன்று. கிறீன் அதோடு நிற்கவில்லை. தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை இம்மண்ணில் உருவாக்கிவிட்டுப் போனார். பாய்க்கப்பல் காலத்தில், மலேரியா நுளம்பால் வருகிறது என்பதே தெரியாத காலத்தில், கொலராவுக்குக் காரணம் இன்னதென்று நிலைநாட்டப்படாத காலத்தில், ஓர் அமெரிக்கச் சபை தன் ஆசிரியர்களுக்குச் செய்ததை, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் நம் முகவர்கள் செய்யவில்லை; அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அரசும் செய்விக்கவில்லை. வைத்தியரை அனுப்பச் சொல்லவில்லை ஐயா, நாரஹேன்பிட்டி முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கக்கூடவா முடியாது?

இங்கே எனக்குள்ள பங்கையும் சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பதிப்புகளில் வெளிநாட்டு வேலை விளம்பரங்களுக்கு முழுப் பக்கங்களை ஒதுக்கிய மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தின் ஒரு மூலையில், நான்கு வரியில், எந்த நாட்டுக்கு என்ன ஊசி என்று போடலாமே என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. விளம்பரதாரர் கோபிப்பார் என்ற பயம் என்று சொன்னால் பாதி உண்மை. வெளிநாடு போவது நல்ல செய்தி, நோய் கெட்ட செய்தி, இரண்டையும் ஒரே பக்கத்தில் போடக்கூடாது என்ற மூடப் பழக்கம் என்பது மீதிப் பாதி.

"நீங்கள் போக வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. போகட்டும். இந்நாட்டில் ஒரு பட்டதாரி ஆசிரியரின் சம்பளத்தில் வீட்டு வாடகைக்குப் பின் என்ன மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். "இங்கே மட்டும் நோய் இல்லையா? டெங்கு வந்து சாகிறோமே" என்றும் கேட்பார்கள். வந்தால், இங்கே கொழும்பு பெரியாஸ்பத்திரியில் பணம் கேட்காமல் படுக்கவைக்கிறார்கள். கஞ்சியோடு தாய் வருகிறாள். எந்த இடத்தில் நோகிறது என்று தமிழிலோ சிங்களத்திலோ சொல்ல முடிகிறது. வெளிநாடு போகிறவன் விட்டுச் செல்வது ஊரையும் உறவையும் மட்டுமல்ல; குறைகள் ஆயிரம் இருந்தாலும் ஏழைக்கும் கதவு திறக்கும் ஒரு வைத்தியசாலை அமைப்பையும் விட்டுத்தான் செல்கிறான். அதன் விலை என்னவென்று டொலர் சம்பளத்தில் கழித்துப் பார்த்தானா?

எனவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், நோய் வந்தால் செலவு யாருடையது, எத்தனை நாள் சம்பளத்தோடு விடுப்பு, உடல்நலக் காரணத்தால் இடையில் திரும்பினால் விமானச்சீட்டு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "பார்த்துக்கொள்வோம்" என்பது பதிலல்ல. ஒரு மாதத்துக்கு முன்பே மலேரியாத் தடுப்பு இயக்கத்துக்கும் ஊசி ஏற்றும் இடத்துக்கும் போங்கள். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து இருந்தால், வைத்தியரின் கடிதத்தோடு போதிய அளவு கொண்டுசெல்லுங்கள். பல்வலியைப் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். திரும்பி வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், வைத்தியர் கேட்குமுன்பே எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று சொல்லுங்கள். தூக்கமும் பசியும் போய் இரண்டு வாரம் கடந்தால் அதையும் காய்ச்சலைப் போலவே ஒரு நோயாக எண்ணி உதவி கேளுங்கள். வீட்டிலிருப்பவர்களே, தொலைபேசியில் "காசு போட்டாயா?" என்று கேட்குமுன் "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்த சட்டம் 1985இல் வந்தது. நான்கு தசாப்தங்கள் போதாதா? போகும் நாட்டின் நோய்களைப் பற்றி வைத்தியர் ஒருவரின் ஆலோசனை பெற்றார் என்ற சான்று இல்லாமல் எந்த ஆசிரியரையும், எந்தத் தொழிலாளியையும் பதிவுசெய்ய மாட்டோம் என்று ஒரு வரி விதி போடுங்கள். நோயாளியாய் நுழையாதே என்று அவன் பார்க்கிறான். நோயாளியாய்த் திரும்பாதே என்று நாம் பார்க்க வேண்டாமா?

நான் குடியிருக்கும் இந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயர் அடிமைத் தீவு. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அடிமையை வாங்குகிறவனும் உடம்பைச் சோதித்துத்தான் வாங்கினான். தமிழில் நாம் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, கொம்பனித்தெரு என்கிறோம். பெயரை மாற்றுவது எளிது.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளை போய்விட்டான். போகுமுன் நாரஹேன்பிட்டிக்கு நானே கூட்டிச் சென்றேன். குளிசைப் பொட்டலத்தைக் கையில் வாங்கியபோது, "அங்கிள், இத ஒருத்தருமே சொல்லல்லயே" என்றான். உண்மைதான். ஒருவரும் சொல்லவில்லை. முப்பது வருடங்களாக நானும் சொல்லவில்லை.